பவர் ஸ்டீயரிங் ஆயில்: மாற்ற வேண்டுமா, எப்போது மாற்ற வேண்டும்?

கேள்வி இதுதான். காருக்கு எட்டு வயது, 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பவர் ஸ்டீயரிங் ஆயிலை இதுவரை மாற்றியதே இல்லை. மேனுவலில் அதை மாற்றச் சொல்லி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள். ஸ்டீயரிங்கிலோ ஒரு குறையும் தெரியவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

என் பதில்: மாற்றிவிடுங்கள். ஆனால் அவர்கள் சொன்னார்கள் என்பதற்காக வேண்டாம். முதலில் நீங்களே மூடியைத் திறந்து அந்த ஆயிலைப் பாருங்கள். கி.மீ. கணக்கைவிட, வருடக் கணக்கைவிட, ஆயிலின் நிறமும் வாசனையும்தான் சரியான தகவலைத் தரும்.

அதற்கும் முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் காரில் அந்த ஆயில் இருக்கிறதா? இது வேடிக்கையான கேள்வி இல்லை. இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் மூலம் இயங்கும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்தான். 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங் விற்பனைக்கு வந்தது. 1988இல் சுஸுகி செர்வோவில் எலெக்ட்ரிக் முறை வந்தது. அதன்பின் மெல்ல மெல்ல ஆயில் முறை குறைந்துகொண்டே போகிறது. முழு எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் ஆயில், பம்ப், ஹோஸ் எதுவுமே கிடையாது. பானெட்டைத் திறந்து, மூடியில் ஸ்டீயரிங் வீல் படம் போட்ட சின்ன டப்பா இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் உங்களுடையது எலெக்ட்ரிக்தான், இந்தச் செலவே உங்களுக்கு இல்லை. ஒரு சந்தேகம் இருந்தால் மேனுவலில் ஆயில் அளவுகள் போட்டிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகையும் உண்டு: பம்ப்பை என்ஜின் பெல்ட் சுற்றாமல் மின்மோட்டார் சுற்றும், ஆனால் வேலை செய்வது ஆயில்தான். அதில் டப்பா இருக்கும், கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

சரி, ஆயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேனுவல் ஏன் மௌனமாக இருக்கிறது?

பிரேக் ஆயிலோடு ஒப்பிட்டால் இது எளிதாகப் புரியும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் தொப்பென்று கீழே போய்விடும். வண்டி ஓடினாலும் நின்றாலும் ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் பல நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்று அடித்துச் சொல்கின்றன. ஸ்டீயரிங் ஆயில் அப்படி இல்லை. அது பெட்ரோலிய எண்ணெய் அல்லது செயற்கை எண்ணெய். ஈரத்தை அந்த மாதிரி இழுக்காது. என்ஜின் ஆயிலைப் போலப் புகைக்கரியும் எரிபொருளும் அதில் கலப்பதில்லை. மூடிய சுற்றுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, மெதுவாகத்தான் கெடும். எனவே பல நிறுவனங்கள் குறிப்பிட்ட கெடு எதையும் எழுதாமல், அளவை மட்டும் பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகின்றன.

மெதுவாகக் கெடும் என்பது சரி. கெடவே கெடாது என்று அதற்குப் பொருள் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் தெரியும்.

டப்பாவிலிருந்து ஆயில் பம்ப்புக்குப் போகிறது. பம்ப்பின் நடுவே சுழலும் ஒரு துண்டு, அதன் காடிகளில் வெளியே தள்ளி உள்ளே போகும் மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகள் வெளிவளையத்தை உரசிக்கொண்டே சுற்றி ஆயிலை அழுத்தித் தள்ளுகின்றன. அங்கிருந்து அழுத்தம் தாங்கும் ஹோஸ் வழியாக ஸ்டீயரிங் ரேக்குக்கு, அதாவது வீலின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றி டயர்களைத் திருப்பும் பாகத்துக்குப் போகிறது. நீங்கள் எந்தப் பக்கம் ஒடிக்கிறீர்களோ அதற்கேற்ப ஒரு வால்வு ஆயிலை ரேக்கின் ஒரு பக்கத்துக்குத் திருப்பிவிடும், அந்த அழுத்தம் டயரைத் திருப்ப உதவும். பிறகு ஆயில் திரும்பவும் டப்பாவுக்கு வந்துவிடும். பல கார்களில் இந்த முழுச் சுற்றிலும் இருக்கும் ஆயில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அந்த ஒரு லிட்டர்தான் அழுத்தத்தைக் கடத்துகிறது, பம்ப்புக்கு மசகாகவும் இருக்கிறது, சூட்டையும் இறக்குகிறது. பம்ப்புக்கென்று தனி மசகு கிடையாது. இந்த ஆயில் கெட்டால் பம்ப் வெறும் உலோகத்தோடு உலோகமாக உரசும்.

வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங்கைக் கடைசி வரை ஒடித்து அப்படியே பிடிக்கிறோம் இல்லையா? அந்த நேரத்தில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. பல கார்களில் அது 70 முதல் 100 பார் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகும். டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அழுத்தம் என்று புரியும். அப்போது பாதுகாப்பு வால்வு திறந்து, ஆயில் பம்ப்புக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வரும். வேலை எதுவும் நடப்பதில்லை, போகும் சக்தியெல்லாம் சூடாகிறது. சில நொடிகளில் வெப்பம் கிடுகிடுவென்று ஏறும். இதனால்தான் ஐந்து நொடிக்கு மேல் கடைசி வரை ஒடித்துப் பிடிக்காதீர்கள் என்று சொல்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே ஆயிலுக்கும் பம்ப்புக்கும் ஆயுள் கூடும்.

சூடு ஆயிலை ஆக்சிஜனேற்றம் செய்து கருக்க வைக்கிறது. தேய்மானத்தைத் தடுக்கவும் நுரை வராமல் காக்கவும் சேர்த்த கூட்டுப்பொருட்கள் கரைந்து தீர்கின்றன. ஹோஸின் உட்புற ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறது. பம்ப்பின் தகடுகளிலிருந்து நுண்ணிய உலோகத் தூள் வருகிறது. இவ்வளவும் அந்த ஒரு லிட்டருக்குள்தான் தங்க வேண்டும். என்ஜின் ஆயிலுக்கு இருப்பதுபோல் நல்ல ஃபில்டர் இதற்குக் கிடையாது. பல கார்களில் டப்பாவின் அடியில் ஒரு வலை இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது.

இந்த வலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எனக்குப் பெரிய பாடம். என் பழைய கார் ஒன்றில் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் ‘ஊய்ங்’ என்று ஒரு முனகல் வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் சேர்ந்து ஏறும். பம்ப் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார், மாற்றினோம். இரண்டு வாரத்தில் புதுப் பம்ப்பும் அதே குரலில் முனக ஆரம்பித்தது. கடைசியில் டப்பாவைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால், அடியிலிருந்த வலை முழுக்கக் கறுப்புச் சேறு. பம்ப்புக்குத் தேவையான ஆயில் போகவே இல்லை. அது வெறுமையை உறிஞ்சி, குமிழ்களோடு ஓடிக்கொண்டிருந்தது. பழைய பம்ப் உண்மையில் கெட்டிருந்ததா என்பதே எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். டப்பாவை மாற்றி, ஆயிலைச் சுத்தமாக மாற்றியதும் சத்தம் நின்றது. எட்டு வருடம் மூடியைத் திறக்காமல் விட்டதன் விலை அது. டப்பா பெரிய விலை இல்லாத பொருள். அதில் வலை இருந்து, ஆயில் கறுத்திருந்தால், ஆயிலோடு டப்பாவையும் மாற்றிவிடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

இப்போது பார்க்கும் முறை. என்ஜினை அணைத்துவிட்டு மூடியைச் சுற்றிலும் நன்றாகத் துடைத்துவிட்டுத் திறங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் அது பம்ப்பின் தகடுகளுக்கு நடுவேதான் போகும். வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டு விடுங்கள். புதிய ஆயில் ஒளி ஊடுருவும்படித் தெளிவாக இருக்கும். வகையைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனலாம். பழுப்பாக மாறியிருந்தால் வயதாகிவிட்டது, வசதிப்படும்போது மாற்றலாம். கறுப்பாகவோ, தீய்ந்த வாடையோடோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சொட்டின் நடுவே கறுப்புப் பொடி தங்கினால் ஹோஸ் உதிர்கிறது. பளபளவென்று மினுமினுத்தால் அது உலோகம், பம்ப் தேய்கிறது. அப்போது ஆயில் மாற்றம் மட்டும் போதாது. பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தால் உள்ளே காற்றோ தண்ணீரோ கலந்திருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றபிறகு தெளிந்துவிட்டால் அது காற்று.

உங்கள் கேள்விக்கு வருவோம். 90,000 கி.மீ., எட்டு வருடம், முதல் ஆயில். டிஷ்யூவில் அது பழுப்பாகவாவது இருக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன். மாற்றுவது நியாயம்தான். பொதுவாக என் கணக்கு 80,000 கி.மீ. அல்லது ஐந்தாறு வருடம், எது முந்துகிறதோ அது. நடுவில் வருடத்துக்கு ஒருமுறை டிஷ்யூ சோதனை. இது எந்த நிறுவனமும் போட்ட விதி இல்லை, என் அனுபவ அளவு. மேனுவலில் வேறு கெடு இருந்தால் அதுதான் முதலில். நெருக்கடியான தெருக்களில் ஓயாமல் நிறுத்தி எடுக்கும் வண்டி என்றால் இதற்கு முன்பே தேவைப்படும். நெடுஞ்சாலையில் நேராக ஓடும் வண்டிக்கு ஒரு லட்சம் தாண்டியும் ஆயில் தெளிவாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீயரிங் ஆயிலுக்கு எத்தனை கி.மீ. ஓடியது என்பதைவிட எத்தனை முறை ஒடித்தோம் என்பதுதான் கணக்கு. 20,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்லி, தெளிவாக இருக்கும் ஆயிலைக் காட்டினால், தாராளமாக மறுத்துவிடலாம்.

எந்த ஆயில் ஊற்றுவது என்பதில்தான் பெரும்பாலான நாசங்கள் நடக்கின்றன. நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. ஒரே நிறத்தில் வேறுவேறு வகைகள் உண்டு. டப்பாவின் மூடியிலோ மேனுவலிலோ வகை எழுதியிருக்கும், அதுவே முடிவு. சில கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் போடும் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப். ஹோண்டா தனக்கென்று ஒரு ஸ்டீயரிங் ஆயில் வைத்திருக்கிறது. ஹூண்டாய், கியாவில் மாடலைப் பொறுத்து பிஎஸ்எஃப்-3, பிஎஸ்எஃப்-4 என்று மாறும். பல ஐரோப்பிய கார்களுக்குப் பச்சை நிறத்தில் வரும் சிஎச்எஃப் 11எஸ் போன்ற செயற்கை ஆயில். இவை பாகுத்தன்மையிலும், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான சீல்களோடு ஒத்துப்போவதிலும் வேறுபடும். ‘எல்லாக் காருக்கும் பொருந்தும்’ என்று எழுதிய பாட்டிலைவிட, உங்கள் மேனுவலில் இருக்கும் பெயரோ எண்ணோ அச்சிட்ட பாட்டில் நல்லது.

பிரேக் ஆயிலை மட்டும் இந்த டப்பாவில் ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது. இரண்டு டப்பாக்களும் அருகருகே இருக்கும் கார்கள் உண்டு, அவசரத்தில் கை மாறிவிடும். பிரேக் ஆயில் கிளைகால் வகை, ஸ்டீயரிங்கில் இருக்கும் ரப்பர் சீல்கள் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பி மிருதுவாகி, ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்கும். தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து: ஸ்டீயரிங் ஆயில் பிரேக் டப்பாவுக்குள் போனால் பிரேக் ரப்பர்கள் வீங்கி, பிரேக்கே பிடிக்காமல் போகலாம். தெரியாமல் ஊற்றிவிட்டால் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், வண்டியை நகர்த்தாதீர்கள். ஸ்டார்ட் செய்யாமல் டப்பாவை மட்டும் காலி செய்து துடைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம், ஓட்டிவிட்டால் செலவு பல மடங்கு. ஆயில் எடுக்கும் சிரிஞ்சையும் இரண்டுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு இரண்டு வழிகள். வீட்டிலேயே செய்யக்கூடியது சிரிஞ்ச் முறை. பெரிய சிரிஞ்சில் ஒரு குழாய் மாட்டி டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்து, அதே அளவு புதியது ஊற்றி, என்ஜினை ஓட்டி, இரண்டு பக்கமும் சில முறை ஒடித்துக் கலக்க வேண்டும். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி அதே வேலை. மொத்தம் ஒரு லிட்டரில் டப்பாவில் 400 மி.லி. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறை முடிந்ததும் பழையது 60 சதவீதம் மிச்சம். இரண்டாம் முறைக்குப் பிறகு 36, மூன்றாம் முறைக்குப் பிறகு சுமார் 22, நான்காம் முறைக்குப் பிறகு 13. முழுக்கச் சுத்தமாகாது. ஆனால் பழுப்பேறிய ஆயிலுக்கு இது போதுமானது, எதையும் கழற்றாததால் தவறு நேரவும் வாய்ப்பு குறைவு. உங்கள் வண்டிக்கு, ஆயில் கறுப்பாக இல்லாவிட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

ஆயில் கறுத்திருந்தால், தவறான வகை கலந்திருந்தால், பம்ப்பையோ ரேக்கையோ மாற்றினால், பழைய ஆயில் முழுவதையும் வெளியே தள்ளிக் கழுவும் முழு ஃப்ளஷ்தான் சரி. பம்ப் உடைந்து உலோகத் தூள் பரவிய சுற்றில் கழுவாமல் புதுப் பம்ப்பை மாட்டினால், பழைய தூள் புதியதையும் அரித்துவிடும். முன் டயர்களைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வேண்டாம்), டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவில் அந்த ஹோஸ் மாட்டும் துளையை அடைத்துவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் ஒடிக்க, இன்னொருவர் மேலே புதிய ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் தெளிவான ஆயில் விழும்வரை இது தொடரும். என்ஜினை ஓட்டாமலே செய்ய முடியும், மெதுவாக நடக்கும், ஆனால் பாதுகாப்பு. என்ஜினை ஓட்டிச் செய்தால் டப்பா சில நொடிகளில் காலியாகிவிடும், வெறும் பம்ப் சுற்றினால் அதன் கதை அத்தோடு சரி. கை பழகாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

காற்றை வெளியேற்றுவதில் அவசரம் கூடாது. ஆயில் நிரப்பியபின் என்ஜினை அணைத்த நிலையில், டயர்கள் தூக்கியிருக்க, ஸ்டீயரிங்கைப் பதினைந்து இருபது முறை இரண்டு பக்கமும் கடைசி வரை மெதுவாக ஒடித்துத் திருப்புங்கள். டப்பாவில் குமிழ் வருவது நின்றபிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்து இன்னும் சில முறை. முதலில் லேசாக முனகினால் பயப்பட வேண்டாம், காற்று வெளியேறியதும் அடங்கிவிடும். நுரை எழும்பினால் என்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி தொடருங்கள். அளவுக் கோட்டில் குளிர்ந்த நிலைக்கு ஒன்று, சூடான நிலைக்கு ஒன்று என்று இரண்டு குறிகள் இருக்கலாம். குளிர்ந்திருக்கும்போது சூட்டுக் குறிவரை நிரப்பினால், சூடானதும் ஆயில் விரிந்து மூடி வழியாக வழிந்து பெல்ட் மேலே விழும். அப்புறம் பெல்ட் வழுக்கிக் கிறீச்சிடும், அதையும் ஸ்டீயரிங் கோளாறு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆயில் மாற்றுவதால் தீராத குறைகளும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. அளவு குறைந்துகொண்டே போனால் அது எங்கோ கசிகிறது. என்ஜின் ஆயில்போல எரிந்து தீர்வதற்கு இங்கே வழி இல்லை. தரையில் கறை இல்லாவிட்டாலும், ரேக்கின் இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போயிருக்கிறது. கசிவை விட்டுவிட்டு மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது செலவு மட்டும் இல்லை, சூடான எக்ஸாஸ்ட் குழாய்மேல் விழுந்தால் தீப்பிடிக்கலாம். கசிவு இல்லாமலே நுரை வந்தால் டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸின் கிளிப்பைச் சந்தேகப்படுங்கள். அது தளர்ந்திருந்தால் வெளியே ஆயில் சொட்டாமலே காற்றை உள்ளே இழுக்கும். ஸ்டீயரிங் கனமாக இருந்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள், பிறகு பெல்ட்டை. கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பது சீலை ஊறவைத்து உப்பச் செய்கிறது. சில மாதம் தாக்குப்பிடிக்கலாம், ஆனால் நல்ல நிலையில் இருக்கும் மற்ற சீல்களையும் அது ஊறவைக்கும் என்பதால் நான் போடுவதில்லை.

“பழைய ஆயிலை மாற்றினால் அதுவரை கசியாத வண்டி கசியத் தொடங்கும்” என்று சிலர் பயமுறுத்துவார்கள். சரியான வகை ஆயில் நல்ல சீலைக் கெடுக்காது. மாற்றியபின் கசிந்தால் ஒன்று வகை தவறு, இல்லையென்றால் சீல் ஏற்கெனவே இறுகி வெடித்திருந்தது. அந்தப் பயத்துக்காகக் கறுத்த ஆயிலோடு பம்ப்பை ஓட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மாற்றியபிறகு ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்து அளவும் நுரையும் பாருங்கள். எந்த ஆயில், எத்தனை கி.மீ.யில் மாற்றினீர்கள் என்பதை சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள், அடுத்தமுறை வகையைத் தேடி அலைய வேண்டியிருக்காது. எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், அதே பாட்டிலில் மூடி, பழைய என்ஜின் ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.